அவள் சொன்னதும் நான் சொன்னதும்

குடியுரிமைக்கு மனு நிரப்பிக் கொடுக்கச் சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர் வீடு வீடாக வந்தார்கள். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறு வருஷம் அது. மலாக்காவில், காஜா பெராங்கில் எங்கள் வரிசையில் ஒன்பது வீடுகள். பலகைச் சுவர், தகரக் கூரை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நான் வீட்டில் இருந்தேன். என்னுடைய விவரங்களை எழுதி முடித்துவிட்டு, வந்தவர்களில் மூத்தவர் அடுப்படிப் பக்கம் பார்த்து, "தங்கச்சி, ஒன் பேரு, பொறந்த எடம் சொல்லும்மா" என்றார்.

என் மனைவி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"என் பேர எழுதாதீங்கண்ணே. நான் செத்து அஞ்சு மாசமாவுது. பொணத்தோட பேர எழுதுனா கவர்மெண்டுல ஒங்களத்தான் கேப்பாங்க."

சீனி தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல்தான் சொன்னாள். பெரியவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவர் பேனாவை மூடினார். "அப்புறமா வர்றோம் தம்பி" என்று எழுந்தவர், படியிறங்கும்போது என் தோளைத் தொட்டு, "டாக்டர்கிட்ட காட்டு" என்றார் மெதுவாக. அதுவரை வீட்டுக்குள் இருந்த விஷயம் அன்றோடு தெருவுக்கு வந்துவிட்டது.

எனக்கு அதற்கு முன்பே தெரியும். நான் தண்ணீர் இலாகாவில் மீட்டர் பார்க்கிறவன். சைக்கிளில் தெங்கெரா, பாச்சாங், புக்கிட் ரம்பாய் வரைக்கும் போய் ஊரார் வீட்டு மீட்டரையெல்லாம் பார்த்து எழுதுவேன். என் வீட்டு மீட்டரையும் நானேதான் எழுத வேண்டும். மூன்று பேர் உள்ள வீட்டில் அந்த மாதம் எட்டுப் பேர் குடித்தனம் நடத்துகிற அளவுக்குத் தண்ணீர் ஓடியிருந்தது. குழாய் எங்கேயோ ஒழுகுகிறது என்று சுவர் ஓரமெல்லாம் தோண்டிப் பார்த்தேன். ஒழுக்கு இல்லை. பக்கத்து வீட்டு மலாக்கா செட்டி அம்மாள்தான் விஷயத்தைச் சொன்னாள். அவர்கள் வீட்டில் சாமியும் விளக்கும் நம்மைப்போலத்தான், பேச்சு மட்டும் மலாய். "டியா மண்டி சாஜா" என்றாள். எந்நேரமும் குளித்துக்கொண்டே இருக்கிறாள் என்று அர்த்தம். நான் வேலைக்குப் போனபின் ஆறு தடவை, ஏழு தடவை. தன் உடம்பிலிருந்து பிணவாடை வருகிறது என்று என் மனைவி அந்த அம்மாளிடம் சொல்லியிருக்கிறாள்.

கல்யாணமாகி வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. ஜாசின் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். வாய் ஓயாது. டவுன் பஸ்ஸில் ஏறினால் இறங்குவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் குடும்பக் கதை முழுவதும் அவளுக்குத் தெரிந்துவிடும். பாசாரில் மீன்காரச் சீனனோடு பாதி மலாய், பாதித் தமிழில் சண்டை போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே வருவாள். அந்தச் சண்டை எனக்குக் கூச்சமாக இருக்கும். கொஞ்சம் மெதுவாகப் பேசக்கூடாதா என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

பிறகு மெதுவாகத்தான் பேசினாள். எப்போது தொடங்கியது என்று கேட்டால் என்னால் நாளைக் குறிப்பிட முடியாது. விடியுமுன்பே விழித்துக்கொண்டு படுக்கையில் அசையாமல் கிடப்பாள். குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை என்பாள். குடல் நின்றுவிட்டது, உள்ளே எல்லாம் அழுகிவிட்டது என்பாள். யாராவது இறந்திருந்தால், ஏதாவது நஷ்டம் நடந்திருந்தால், நானாவது அவளை அடித்து உதைத்திருந்தால், அதுதான் காரணம் என்று ஒரு விரலை நீட்டியிருக்கலாம். அப்படி ஒன்றும் இல்லை. எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது. ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது குழந்தை வாசற்படியில் தனியாக உட்கார்ந்திருந்தது. உள்ளே கதவைத் தாழிட்டுக்கொண்டு அவள் சொன்னாள்:

"என் மூச்சு அவ மேல படக் கூடாதுங்க. அவள எங்கக்கா வூட்டுல விட்டுருங்க. இன்னைக்கே விட்டுருங்க."

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் குழந்தையைத் தோட்டத்தில் இருந்த அவள் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். கொஞ்ச நாளைக்கு என்றுதான் சொல்லி விட்டேன்.

அடுத்து ஒலிபெருக்கி வண்டி. அந்த வருஷங்களில் எதற்கெடுத்தாலும் ஒரு வண்டி வரும். தேர்தல், அம்மை ஊசி, பதிவு. மலாயில் என்ன அறிவித்தாலும் அவளுக்கு அதில் தன் பெயர் கேட்டது. பிணத்தை வீட்டில் வைத்திருக்கிறார்கள், வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போகிறார்களாம். வண்டிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வாள்.

கடைசியில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். முதலில் தலையில் கரண்டு வைத்தார்கள். ஏழெட்டுத் தடவை. அது பலித்தது, அதை நான் மறைக்கக் கூடாது. இரண்டு மாதம் சாப்பிட்டாள், பேசினாள், ஒருநாள் என்னைத் திட்டக்கூடச் செய்தாள். ஆனால் மகளைப் பார்க்கக் கூட்டிப்போனபோது குழந்தையின் பெயர் வாயில் வரவில்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டு, "பாப்பா" என்று மட்டும் கூப்பிட்டாள். பெயர் பிறகு திரும்பி வந்தது. அதற்குள் பிணவாடையும் திரும்பி வந்துவிட்டது. திரும்ப வார்டில் சேர்த்தேன். மறுபடியும் கரண்டு வைக்கலாம் என்றபோது எனக்கு மனம் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வழுக்கைத் தலை, எந்நேரமும் கழுத்தில் ஒரு கைக்குட்டை. மலாய் நன்றாகப் பேசுவார், தமிழ் தெரியாது. நான் ஏழாவது வரை இங்கிலீஷ் படித்தவன் என்று தெரிந்ததும் அவருக்குச் சந்தோஷம். காகிதத்தில் ஒரு குண்டிக்காயை வரைந்து அதன் தலையில் ஒரு தொப்பியை வரைந்தார்.

"இந்தத் தொப்பி ஒரு சுரப்பி. மனிதன் பயப்படும்போது, பதறும்போது இதிலிருந்து ஒரு நீர் ரத்தத்தில் கலக்கும். பதற்றம் போனதும் நிற்க வேண்டும். உன் மனைவி மாதிரி நோயாளிகளுக்கு அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். மூளை அதில் நனைந்து நனைந்து கெட்டுப் போகிறது."

"வால்வு கெட்டுப் போயிருக்கிறது" என்றேன்.

அவர் சிரித்தார். "ஆமாம். இந்த மாத்திரை அந்த வால்வை அடைக்கும். அடைத்தால் நோய் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். குறையலாம், குறையாமலும் போகலாம்."

இன்னொன்றும் சொன்னார். இந்தச் சோதனையில் சிலருக்கு மருந்து, சிலருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று அவருக்கே தெரியாது. மருந்து கொடுக்கிற டிஸ்பென்சரிடம் அதை எழுதி ஒட்டிய உறைகள் இருக்கும். சோதனை முடிந்தபின்தான் பிரிப்பார்கள். இதை அவளுக்குச் சொல்லி அவள் சம்மதத்தைக் கேள் என்றார். நான் வார்டுக்குப் போய், "புது மருந்து வந்திருக்கு, குடிக்கிறியா?" என்று மட்டும் கேட்டேன். "ஒங்க இஷ்டம்" என்றாள். வெளியே வந்து சம்மதம் என்றேன். மாவு விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் மருந்தின் மேல் நம்பிக்கை வராது என்று நினைத்தேன்.

வார்டில் டாக்டருக்கு உதவியாகத் தமிழ் தெரிந்த டிரஸர் ஒருவர் இருந்தார். அவரை மூவாருக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் வாரா வாரம் டாக்டர் கேள்வி கேட்கும்போது நானே வந்து மொழிபெயர்க்க வேண்டும் என்று ஏற்பாடு ஆனது. புதன்கிழமை காலை ஒரு மணி நேரம் இலாகாவில் விடுப்பு கொடுத்தார்கள். எனக்கு அது பெருமையாகவே இருந்தது. வெள்ளைக்காரரின் மேசைக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்காரவைத்தார் அல்லவா.

கேள்விகள் ஒரு தாளில் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பதிலுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை ஒரு எண் போடுவார். எண் கூடினால் நோய் கூடுதல். முதல் கேள்வி, துக்கமாக இருக்கிறாளா என்பது.

"மனசு கஷ்டமா இருக்கான்னு கேக்குறாரு" என்றேன்.

"செத்தவளுக்கு என்னங்க கஷ்டம்? கஷ்டமெல்லாம் இருக்குறவங்களுக்கு."

அப்படியே சொன்னேன். டாக்டர் கொஞ்ச நேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு நான்கு போட்டார். குற்ற உணர்வு இருக்கிறதா, குரல் கேட்கிறதா, உடம்பின் உறுப்புகள் வேலை செய்யவில்லை என்று நினைக்கிறாளா. எல்லாவற்றுக்கும் நான் அவள் சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். முதல் வாரமும் இரண்டாம் வாரமும் மூன்றாம் வாரமும் அப்படித்தான். அதில் ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஒவ்வொரு வாரமும் ஒருநாள் முழுவதும் அவள் கழிக்கும் சிறுநீரைப் பழுப்புக் கண்ணாடி ஜாடியில் சேர்ப்பார்கள். அந்தச் சுரப்பியின் நீர் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று அதில் தெரியுமாம். ஜாடிகளை ஐஸ் வைத்துக் கட்டிச் சிங்கப்பூருக்கு அனுப்புவார்கள். பதில் வர மாதக் கணக்கில் ஆகும் என்றார் டாக்டர். ஆகவே அவரிடம் கையில் இருந்ததெல்லாம் என் வாயிலிருந்து வந்த பதில்கள்தான்.

நான்காவது வாரம். டாக்டர் உள்ளே வர நேரமானது. நானும் அவளும் மட்டும் இருந்தோம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிப் பார்த்து நெடுநாள் ஆகியிருந்தது.

"ரொம்ப எளச்சுப் போயிட்டீங்க" என்றாள்.

மருந்து வேலை செய்கிறது என்று அந்த நிமிஷத்தில் நினைத்தேன். டாக்டர் வந்து உட்கார்ந்தார். கேள்விகள் தொடங்கின. உள்ளே எல்லாம் அழுகிவிட்டது என்று இன்னும் நினைக்கிறாளா என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தே சொன்னாள்: "அழுவித்தான் கெடக்கு. ஆனா அதச் சொன்னா ஒங்க மொகம் ஒரு மாதிரி ஆவுதுங்க. இல்லன்னு சொல்லிருங்க."

டாக்டர் காத்திருந்தார்.

"முன்னைப்போல அவ்வளவு இல்லை என்கிறாள்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. நான்கு இருந்த இடத்தில் இரண்டு போட்டார். அந்த எண்ணைத் தலைகீழாக மேசைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு என் வாழ்க்கையில் ஒரு நல்ல காரியம் நடந்ததுபோல் இருந்தது. முழுப் பொய்யும் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னைப் பார்த்து இளைத்துவிட்டீர்கள் என்றாளே, அது முன்னேற்றம்தானே. இன்னும் இரண்டு வாரத்தில் உண்மையாகவே குணமாகிவிடுவாள், நான் கொஞ்சம் முந்திச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஐந்தாம் வாரம் அவள் சொல்லவே தேவை இருக்கவில்லை. நான் கேள்வியைக் கேட்பேன். அவள் ஏதோ முணுமுணுப்பாள். நான் பதிலைச் சொல்வேன். எழுந்து நடந்தால் தலை சுற்றுகிறது என்று அவள் சொன்னதை மட்டும் உள்ளபடி சொன்னேன். அது நல்ல அறிகுறி, அந்தச் சுரப்பியை அடைத்தால் தலைசுற்றல் வரும் என்றார் டாக்டர். அப்படியானால் அவளுக்குக் கிடைத்தது மருந்துதான், மாவு அல்ல. அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வேலைக்குச் சைக்கிளில் போகும்போது என்னையறியாமல் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனேன்.

ஆறாவது வாரம் டாக்டர் தாளை ஓரமாக வைத்துவிட்டு நேராகக் கேட்டார். "இது முக்கியமான வாரம். நிதானமாகக் கேட்டுச் சொல். தான் இறந்துவிட்டதாக இன்னும் நம்புகிறாளா?"

கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"இன்னும் என்ன சந்தேகம் அவருக்கு? ஆமான்னு சொல்லுங்க. வேணாம், ஒங்களுக்கு எது நல்லதோ அதச் சொல்லுங்க."

"நம்பவில்லை என்கிறாள்" என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை அவளை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். கையில் மாத்திரை பாட்டில், தினம் நான்கு. வாரத்துக்கு ஒரு ஜாடி. ஜாடியை ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போவேன். காப்பிக்கடையில் ஐஸ் வாங்கிச் சாக்கில் சுற்றிவைப்பேன். கடையில் இருந்தவர்கள் கள்ளா என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த இரண்டு மூன்று வாரம் நான் நிறையச் சிரித்தேன். மகளைத் தீபாவளிக்குக் கூட்டி வந்துவிடலாம் என்று அக்கா வீட்டுக்குச் சொல்லியனுப்பினேன்.

அவள் சமைத்தாள், வீட்டைக் கூட்டினாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். தட்டில் போட்ட சோறு தீர்ந்துவிடும். ஒருநாள் அரிசிப் பானைக்குப் பின்னால் எறும்பு சாரையாகப் போவதைப் பார்த்துப் பலகையைத் தூக்கினேன். தரைப்பலகைக்கும் மண்ணுக்கும் இடையில் சோறு. பழைய சோறு, பூத்துப்போன சோறு, அன்று மத்தியானம் போட்ட சோறு. உருண்டை உருண்டையாக, வாழையிலைத் துண்டில் பொதிந்து, ஒழுங்காக அடுக்கிவைத்திருந்தாள். ஆஸ்பத்திரியிலும் சாப்பிட்டிருக்க மாட்டாள், தலைசுற்றல் எதனால் என்று எனக்கு அப்போது புரிந்தது.

அவள் வாசலில் நின்று நான் பார்ப்பதைப் பார்த்தாள்.

"பொணத்துக்குச் சோறு போட்டா வீணாப் போவுதுங்க. வேற யாராச்சும் சாப்புடுவாங்கன்னு எடுத்து வச்சேன்."

நான் பலகையை மூடினேன். கோபப்படவில்லை. புதன்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளும் டாக்டரிடம் என்ன சொல்வது என்றே யோசித்தபடி மீட்டர் மீட்டராகப் பார்த்துக்கொண்டு போனேன். பாச்சாங்கில் ஒரு வீட்டில் எண்ணைத் தப்பாக எழுதிவிட்டு மறுபடியும் போய்த் திருத்தினேன்.

புதன்கிழமை நான் தனியாகப் போனேன். டாக்டரின் அறையில் பெட்டிகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அலமாரியில் பாதிப் புத்தகங்கள் இல்லை. அவருடைய ஒப்பந்தம் முடிகிறது என்றும் மாதக் கடைசியில் கப்பல் என்றும் சொன்னார். "என் இடத்துக்கு உங்கள் நாட்டு டாக்டர் ஒருவர் வருகிறார். நியாயம்தான். இந்தச் சோதனையைத்தான் முடிக்க முடியவில்லை. ஆனால் உன் மனைவி விஷயத்தில் எனக்கு ரொம்பச் சந்தோஷம்."

அவர் சந்தோஷம் என்று சொன்ன பிறகு என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நான்காவது வாரம், அவள் இல்லை என்று சொல்லச் சொன்னது, ஆறாவது வாரம், தரைப்பலகைக்குக் கீழே சோறு. சொல்லும்போது என் இங்கிலீஷ் குழறியது. நான் முடித்ததும் அவர் கழுத்துக் கைக்குட்டையை எடுத்து முகம் முழுவதும் துடைத்துக்கொண்டார்.

"எந்த வாரத்திலிருந்து?"

"நான்காவது."

"உறுதியாக?"

"உறுதியாக."

கட்டிவைத்த காகிதங்களில் அவளுடைய தாளைத் தேடி எடுத்தார். குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "இனி அவள் இந்தச் சோதனையில் கணக்கில்லை. ஆகவே உறையைப் பிரிக்கலாம்" என்று டிஸ்பென்சருக்குப் போன் செய்தார். வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள் சின்ன உறை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். டாக்டர் பிரித்துப் பார்த்து மேசையில் வைத்தார்.

"மாவு" என்றார்.

எனக்கு அப்போது ஒரு விநாடி நிம்மதியாகக்கூட இருந்தது. மருந்து தோற்கவில்லை, இன்னும் அவளுக்கு மருந்து கொடுக்கவே இல்லை என்று தோன்றியது. "அப்படியானால் இனி நிஜ மருந்து கொடுக்கலாமே?" என்று கேட்டேன்.

அவர் பிரித்த உறையை மறுபடியும் மடித்தார். "ஆறாவது வாரம் முக்கியம் என்று சொன்னேன், நினைவிருக்கிறதா? ஆறாவது வாரத்தில் முன்னேற்றம் இல்லாதவர்களுக்கு டிஸ்பென்சர் பாட்டிலை மாற்றிவிடுவார். மாவு சாப்பிட்டவர்களுக்கு மருந்து கிடைக்கும். அதை முன்பே சொன்னால் பதில்கள் மாறிவிடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. நீ சொன்னதைக் கேட்டு அவளை அதே பாட்டிலில் விட்டுவைத்தோம். மிச்சம் இருந்த மருந்தைப் போன வாரம்தான் மருந்து செய்யும் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பினேன்."

நான் மேசையில் கிடந்த உறையைப் பார்த்தேன்.

"அந்த மருந்தால் அவள் குணமாகியிருப்பாள் என்று நான் சொல்லமாட்டேன்" என்றார். "எனக்கு அது தெரியாது. யாருக்கும் தெரியாது. புருஷனை மொழிபெயர்க்க வைத்தது என் தவறு. அது உன்னால் ஆகிற வேலை இல்லை."

நல்ல மனிதர்தான். கம்பெனிக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றார். எழுதியும் இருக்கிறார். அவர் போன இரண்டு மாதம் கழித்துப் புது டாக்டர் அந்தப் பதிலை எனக்குப் படித்துக் காட்டினார். சோதனைக்கு வெளியே மருந்தைக் கொடுக்க இயலாது, வருந்துகிறோம் என்று இருந்தது.

புது டாக்டர் இளைஞர். பினாங்குக்காரர். மறுபடியும் கரண்டு வைத்துப் பார்ப்போம் என்றார். இந்தத் தடவை நான் தடுக்கவில்லை. பத்துத் தடவை வைத்தார்கள். முதல் தடவைபோல் பலிக்கவில்லை. தீபாவளிக்கு மகள் வரவில்லை. என் மனைவி சாப்பிடுவதை அறவே நிறுத்தியபோது மூக்கில் குழாய் விட்டுப் பால் ஊற்றினார்கள். இந்தச் சின்ன வார்டில் நெடுநாள் வைத்திருக்க முடியாது என்று ஜொகூரில் இருந்த பெரிய மனநோய் ஆஸ்பத்திரிக்கு எழுதினார்கள். வண்டியில் ஏற்றிய காலையில் செட்டி அம்மாள் வந்து அவள் தலையை வாரிப் பின்னிவிட்டாள். வண்டி கிளம்பும்போது என்னிடம், "கதவ நல்லா தெறந்து வைங்க, நாத்தம் போவட்டும்" என்றாள்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜொகூருக்குப் போவேன். விடியற்காலை பஸ். மூவாரில் ஆற்றைக் கடக்க வண்டியோடு ஃபெர்ரியில் ஏற வேண்டும், பத்து பகாட் ஊரில் இன்னொரு தடவை. போய்ச் சேர மத்தியானம் ஆகிவிடும். ஒரு மணி நேரம் பார்க்கலாம். சில தடவை பேசுவாள், பல தடவை பேசமாட்டாள். அங்கே தமிழ் பேசும் நர்ஸ் மிஸ்ஸிகள் நிறைய இருந்தார்கள். என்னிடம் யாரும் எதையும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

மூன்றாவது வருஷம் ஒருநாள், நான் செய்ததை அவளிடமே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மாவு மாத்திரையைப் பற்றி, ஆறாவது வாரத்தைப் பற்றி, உறையைப் பற்றி எல்லாம் சொன்னேன். கேட்கிறாளா இல்லையா என்று தெரியவில்லை.

"நான் உள்ளத உள்ளபடி சொல்லியிருந்தா ஒனக்கு அந்த மருந்து கெடச்சிருக்கும்" என்றேன்.

"நாந்தானே சொல்லச் சொன்னேன்."

"நீ சொன்னேங்கறதுக்காவ நான் சொல்லலாமா?"

"அப்ப ஒங்களுக்குச் சந்தோசமா இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு" என்றேன்.

"அப்பறம் என்ன."

என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அவள் என் முழங்கையை இரண்டு விரலால் தொட்டுவிட்டு உடனே கையை எடுத்துக்கொண்டாள், தொட்டதால் எனக்கு ஏதும் ஒட்டிவிடுமோ என்பதுபோல. "அழுவாதீங்க. செத்துப்போனவளுக்கு இத்தன வருசமா யாரும் அழுவ மாட்டாங்க. பஸ் போயிரும், கெளம்புங்க."

அதற்குப் பிறகும் நான்கு வருஷம் உயிரோடு இருந்தாள். நான் போவது மாதம் ஒருமுறை என்பதிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆனது. உண்மையைச் சொன்னால், கடைசி வருஷத்தில் இரண்டு தடவைதான் போனேன். மகள் பெரியம்மாவையே அம்மா என்று கூப்பிட்டாள். அதைத் திருத்த யாருக்கும் மனமில்லை, எனக்கும்தான்.

மழைக்காலத்தில் தந்தி வந்தது. நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலில் போய்விட்டாள். மகளுக்குப் பன்னிரண்டு வயது நடந்துகொண்டிருந்தது, தானும் வருகிறேன் என்றாள். மலாக்காவுக்குக் கொண்டுவர வழி இல்லை. ஜொகூரிலேயே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனோம். நான், மகள், என் மனைவியின் அக்கா புருஷன், ஆஸ்பத்திரி ஆட்கள் இரண்டு பேர். மழை விட்டு விட்டுப் பெய்ததால் எரிவதற்கு வெகுநேரமானது.

திரும்பி வரும்போது ஃபெர்ரியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓரமாக நின்றோம். ஆறு கலங்கிப் பழுப்பாக ஓடியது. மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மாவுக்கு என்ன நோவுப்பா?"

"காய்ச்சல்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். மறு கரை வந்ததும் பஸ்ஸில் ஏறிக்கொண்டோம்.